பூசணம் பிடித்த கடலை

மேல்சித்தாமூர் வட்டாரத்துக்கு நிலக்கடலை புதிதன்று. ‘டி.எம்.வி.’ எனத் தொடங்கும் கடலை இரகங்கள் அருகிலுள்ள திண்டிவனம் ஆராய்ச்சி நிலையம் தந்தவையே.

பூசணம் பிடித்த கடலையை வீணாக்க மனமின்றி மாட்டுக்குப் போடுவோர் உண்டு. 1960இல் இங்கிலாந்தில் இத்தகைய கடலைப் பிண்ணாக்கைத் தின்று இலட்சம் வான்கோழிகள் மாண்டன. அதை ஆராய்ந்தபோது வெளிப்பட்ட நஞ்சே அஃப்ளடாக்சின்.

இது ஈரலின் உயிரணுக்களில் ஆக்சிஜனேற்றச் சிதைவை மிகுவிக்கிறது; நாளடைவில் புற்றுநோய்க்கும் வித்திடுகிறது. வறுத்தாலும் முற்றிலும் அழிவதில்லை. பசு தின்றால், ஒரு பகுதி பாலில் இறங்கும். அப்பாலையே நம் குழந்தை அருந்தும்.

ஆகவே, கடலையை நன்கு உலர்த்தி, ஈரம் அண்டாமல் வையுங்கள். பூசணம் கண்டதைத் தயங்காது புதைத்துவிடுங்கள். அதனை விரயமென்று எவரும் சொல்லார்.