டிஎன் 55 லைசென்ஸை துபாய், சிங்கப்பூரில் மாற்றிக்கொள்ள முடியுமா?

அறந்தாங்கியில் பத்து வருஷம் கார் ஓட்டியவர். இப்போது துபாயில் வேலை, குடியிருப்பு விசாவும் வந்துவிட்டது. “நம்ம லைசென்ஸைக் கொடுத்தா அந்த ஊர் லைசென்ஸ் கொடுத்துடுவாங்கல்ல?” புதுக்கோட்டை மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு யாராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பதால், அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. துபாயைப் பொறுத்தவரை, கொடுக்க மாட்டார்கள்.

ஐக்கிய அரபு அமீரகம் சில நாடுகளின் உரிமத்தை மட்டும் டெஸ்ட் இல்லாமல் மாற்றித் தருகிறது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. நம்மவர்கள் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, தியரி, ரோடு டெஸ்ட் எல்லாம் பாஸ் பண்ணணும். ஊரில் ஓட்டிய அனுபவம் இருந்தால் வகுப்பு நேரம் குறையும், அவ்வளவுதான். 2023-இல் துபாய் போக்குவரத்து ஆணையம் ‘கோல்டன் சான்ஸ்’ என ஒரு வாய்ப்பைக் கொண்டுவந்தது. வகுப்புக்கே போகாமல் ஒரே ஒரு முறை நேரடியாக டெஸ்ட் கொடுக்கலாம். ஃபெயில் ஆனால் எல்லோரையும் போல வகுப்புதான். அங்கே வலது பக்கம் ஓட்டணும் என்பதை மறந்துவிட்டு இந்த வாய்ப்பை வீணாக்க வேண்டாம்!

சரி, அப்போ ஐ.டி.பி எதுக்கு?

குழப்பமே இங்கேதான். ஆர்.டி.ஓ அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அதாவது ஐ.டி.பி, தனி லைசென்ஸ் கிடையாது. நம்ம லைசென்ஸை வெளிநாட்டு போலீஸ் படித்துப் புரிந்துகொள்ள உதவும் ஆவணம். ஓராண்டுதான் செல்லும், கூடவே அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும். ‘சாரதி’ தளத்தில் படிவம் 4ஏ மூலம் விண்ணப்பிக்கலாம், பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள். அமீரகத்துக்கு விசிட் விசாவில் போகிறவருக்கு இது உதவும். குடியிருப்பு விசா அடித்த பிறகு அதைக் காட்டி ஓட்ட முடியாது. “ஐ.டி.பி இருந்தா போதும், அங்கே டிரைவர் வேலை ரெடி” என்று ஏஜென்ட் யாராவது சொன்னால், பணத்தைக் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.

சிங்கப்பூர் கொஞ்சம் இளகிய மனசு. நீண்டகால பாஸில் இருப்பவர் 12 மாதம் வரை இந்திய லைசென்ஸில் ஓட்டலாம். அதற்குள் அடிப்படை தியரி தேர்வை எழுதி, உள்ளூர் லைசென்ஸுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஓட்டுநர் வேலைக்கே போகிறவர்களுக்கு விதிகள் வேறு, இன்னும் கறார். அதைக் கம்பெனியிடம் புறப்படும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. கெடு முடிந்தும் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸும் கைவிடலாம், வேலை பாஸுக்கும் சிக்கல்.

மேற்கே போகிறவர்களுக்கு: பிரிட்டன் 12 மாதம், ஜெர்மனி 6 மாதம். அதன்பின் அந்த ஊர் டெஸ்ட்தான்.

ஊர் திரும்பினால்?

இதில் நம்ம சட்டம் ரொம்பவே தாராளம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 9-இன்படி, வெளிநாட்டு லைசென்ஸ் வைத்திருப்பவர் அதே வகை வாகனத்துக்கு இந்திய லைசென்ஸ் கேட்டால் டெஸ்ட் தேவையில்லை. மருத்துவச் சான்று தொடர்பான நிபந்தனை மட்டும் உண்டு. அவர்கள் நம்ம லைசென்ஸை ஏற்காவிட்டாலும் நாம் அவர்களுடையதை ஏற்கிறோம்!

பலர் மாட்டுவது பழைய இந்திய லைசென்ஸில். லாரி, பஸ் ஓட்டும் உரிமம் 5 ஆண்டுதான். இரண்டு மூன்று கான்ட்ராக்ட் முடிந்து வருவதற்குள் காலாவதி ஆகியிருக்கும். ஓராண்டுக்கு மேல் தாண்டிவிட்டால் மறுபடி டெஸ்ட். காலாவதிக்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்கலாம் என 2019 திருத்தம் சொல்கிறது. எனவே திருச்சியில் விமானம் ஏறும் முன் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்தால், வெளிநாட்டு லைசென்ஸ் செல்லுபடியாகும்போதே ஆர்.டி.ஓ அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.