வாவி வடிகாலன்று!

எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் நடுவே 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. மீனவனுக்கு அது தொழிற்களம். உழவனுக்கு மாரி வெள்ளத்தை ஏற்கும் மடி. ஊருக்கு அழகு, பெயர், புகழ். இத்தனையும் தந்த வாவிக்கு நாம் செய்யும் கைம்மாறு யாது? நகரத்து வடிகான்களை அதன் கரையிலே கொண்டுபோய் முடித்திருக்கிறோம்!

முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கிடக்கும் மாதங்களில் வாவி நீர் கடலை அடைய வழியில்லை. அக்காலத்தில் உள்ளே விட்டதெல்லாம் உள்ளேயே தங்கும். கழிவோடு சேரும் நைதரசனும் பொசுபரசும் பாசிக்கு உரமாகின்றன. பாசி செழித்து, மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வாயு குன்றுகிறது. மீனும் இறாலும் மூச்சுக்குத் தவிக்கின்றன. இது ஏட்டறிவு மட்டுமன்று. வலை வீசுவோர் அறிந்த உண்மை.

வாவியை விட்டுக் கிணற்றைப் பார்ப்போம். புளியந்தீவு, கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று நெருங்கிக் கிடக்கும் எழுவான்கரை ஊர்கள் பெரும்பாலும் மணல் நிலத்தில் அமைந்தவை. மாரியில் நிலத்தடி நீர் ஏறக்குறையத் தரைமட்டத்துக்கே வந்துவிடும். மலசலக் குழியும் கிணறும் குறைந்தது 30 மீற்றர் விலகியிருக்க வேண்டும், குழியின் அடி நிலத்தடி நீருக்கு ஒன்றரை மீற்றர் மேலே நிற்க வேண்டும் என்பது அனர்த்த நிவாரணப் பணியாளர் உலகெங்கும் கைக்கொள்ளும் ஸ்பியர் கைந்நூலின் பொது விதி. நமது நிலை என்ன? 10 பேர்ச் வளவு சதுரமானால் அதன் ஒரு பக்கம் 16 மீற்றர். அதற்குள் வீடு, கிணறு, குழி மூன்றும் அடங்க வேண்டும்! ஒருவன் தன் கிணற்றிலிருந்து குழியைத் தள்ளி வைத்தால் அது அயலவன் கிணற்றை நெருங்குகிறது. இது தனிமனிதர் குற்றமன்று. ஒவ்வொரு வீடும் தன் கழிவைத் தன் காலடியிலேயே புதைக்க வேண்டும் என்ற முறையின் குற்றமே.

உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழி வீடுகளுக்கு வருகிறது. இது பெரும் நன்மை, ஐயமில்லை. ஆயினும் வீட்டுக்குள் வரும் நீர் வெளியேறியே ஆகவேண்டும். வரும் வழிக்குத் திட்டமிட்ட அதிகாரிகள் போகும் வழிக்கு என்ன திட்டம் வைத்திருக்கிறார்கள்? நீர் பெருகப் பெருகக் குழிகள் நிரம்புகின்றன. பவுசர் வந்து அள்ளிச் செல்கிறது. அள்ளியது எங்கே கொட்டப்படுகிறது என்று கேட்போர் மிகச் சிலர்.

“அரசாங்கம் பெரிய திட்டம் ஒன்றைக் கொண்டுவரும், அதுவரை பொறுத்திருப்போம்” என்பார் உண்டு. எத்தனை காலம்? இலங்கை மக்களில் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய் வசதி பெற்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ இருவரே. நூறாண்டுக்கு மேலாக அவ்வசதி பெற்ற கொழும்பிலும், குழாய் ஏந்திய கழிவு நெடுங்காலம் கடலிலேயே விடப்பட்டு வந்தது. மேடு பள்ளமற்ற, நீரூறும் நமது நிலத்தில் ஆழக் குழாய் பதிப்பது பெருஞ்செலவு. இடையிடையே பம்பு நிலையங்களும் வேண்டும். அப்பெருந்தேர் அசையும்வரை நாம் வாளாவிருத்தல் அறிவுடைமையன்று.

மாற்றுவழி உண்டு. முப்பது நாற்பது வீடுகள், ஒரு வீட்டுத்திட்டம், ஒரு பாடசாலை, ஒரு விடுதி என்று அவ்விடத்துக் கழிவை அவ்விடத்திலேயே சுத்திகரிப்பதுதான் அவ்வழி. முதலில் நீர் கசியாத தொட்டியில் கசடு படிகிறது. அடுத்துத் தடுப்புச் சுவர்கள் இட்ட அறைகளில் கழிவுநீர் மேலும் கீழுமாகத் தவழ்ந்து செல்ல, காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்கின்றன. பின்னர் சம்பும் பன்னும் நட்ட சரளைக்கல் பாத்தியினூடே நீர் வடிகிறது. இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. நமது மண்ணில் தொட்டிகளும் பாத்திகளும் நிலத்துக்கு மேல் உயர்த்தியும் கசிவின்றியும் கட்டப்பட வேண்டும். சிறு பம்பு ஒன்றும் தேவைப்படலாம். அவ்வளவே.

இது கனவன்று. தமிழ்நாட்டின் ஆரோவில் குடியிருப்புகளில் இத்தகைய அமைப்புகள் பல ஆண்டுகளாக இயங்கி, தெளிந்த நீரைத் தோட்டங்களுக்குத் தருகின்றன. இந்தோனேசியாவில் 2003 ஆம் ஆண்டளவில் கிழக்கு யாவாவிலும் பாலியிலும் தொடங்கிய சானிமாஸ் திட்டத்தில் குடியிருப்பாளரே முறையைத் தேர்ந்து, பங்கு செலுத்தி, பராமரிப்பையும் ஏற்றனர். பவுசர் அள்ளும் கசட்டுக்கும் வழியுண்டு: கர்நாடகத்தின் தேவனஹள்ளி 2015 இலும், தமிழ்நாட்டின் கருங்குழிப் பேரூராட்சி 2017 இலும் அதற்கெனச் சிறு நிலையங்களை அமைத்தன. கருங்குழி மாநகரமன்று, சிற்றூரை ஒத்த பேரூராட்சி. அதனால் இயன்றது நம்மால் இயலாதா?

உழவர்க்கு ஒரு வார்த்தை. 2021 இல் இரசாயன உர இறக்குமதி ஒரே உத்தரவில் நிறுத்தப்பட்டபோது பட்டபாட்டைப் படுவான்கரை மறந்திராது. பயிருக்கு வேண்டிய சத்துக்களையே நாம் நாள்தோறும் வாவியில் கரைக்கிறோம். சுத்திகரித்த நீர் குடிக்கவோ, பச்சையாக உண்ணும் கீரைக்கோ உதவாது. தென்னைக்கும் மாட்டுப் புல்லுக்கும் உதவும். முறைப்படி மக்கவைத்துக் கிருமி நீக்கிய கசடு மணல் நிலத்துக்கு உரம்.

குறையையும் மறைக்கலாகாது. பராமரிப்பாரற்ற தொட்டி, திறப்பு விழாக் கல்லோடு நின்றுவிட்ட சமாதியாகும். கசடு காலந்தவறாது அகற்றப்பட வேண்டும். பாத்தி பேணப்பட வேண்டும். அதற்கு மாதந்தோறும் சிறு பணமும் பொறுப்பான ஆளும் வேண்டும். அந்த ஆளுக்குக் கையுறையும் பாதணியும் தகுந்த ஊதியமும் மரியாதையும் வேண்டும். வாளி மலகூடக் காலத்தில் நமது பட்டினங்கள் இத்தொழிலை ஒரு சாரார் தலையில் சுமத்தி, அவர்களையே ஒதுக்கியும் வைத்தன. அந்த இழிவு மீண்டும் தலைகாட்டலாகாது.

ஈராண்டுக்கு மேலாக மக்கள் பிரதிநிதிகளின்றிக் கிடந்த உள்ளூராட்சி சபைகள் 2025 மே மாதத் தேர்தலால் மீண்டும் உயிர்பெற்றன. மட்டக்களப்பு மாநகர சபையையும், காத்தான்குடி, ஏறாவூர் நகர சபைகளையும், வாவியைச் சூழ்ந்த பிரதேச சபைகளையும் நாம் கேட்பது மூன்று. புதிய வீட்டுத்திட்டம், விடுதி எதற்கும் கழிவு சுத்திகரிப்பு ஏற்பாடின்றி அனுமதி வழங்காதீர். சபைக்கொரு குடியிருப்பைத் தேர்ந்து, பொதுக்காணி ஒதுக்கி, மக்களோடு சேர்ந்து மாதிரி அமைப்பொன்றை நிறுவுவீர். பவுசர் எங்கே கொட்டுகிறது என்ற கணக்கை மக்கள் முன் வைப்பீர்.

பொறியியலாளரும் வைத்தியரும் ஆசிரியரும் தத்தம் வீதி மக்களைக் கூட்டிப் பேசலாம்; இதற்குக் கொழும்பின் அனுமதி வேண்டியதில்லை. தமிழூரும் முஸ்லிம் ஊரும் ஒரே வாவியின் கரையில் இருக்கின்றன. நிலத்தடி நீருக்கு எல்லைக்கல் தெரியாது. சுயாட்சி கேட்கும் மக்கள், தம் வீதிக் கழிவைத் தாமே ஆளக் கற்பதும் அந்த ஆட்சியின் பாடமே.