ராஞ்சியில் தவறிய ஒரு கோல்: நாம் எந்தப் படியால் அளக்கிறோம்?

2024 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை. மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது, கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டினார். "ஜப்பான்கிட்ட ஒரு கோல்ல தோத்துட்டாங்க ஹஜ்ரத். ஒலிம்பிக் போச்சு. பொம்பளைப் பிள்ளைங்க ஆட்டம் இவ்வளவுதான்."

அவர் சொன்னதில் முதல் இரண்டு வாக்கியங்கள் செய்தி. மூன்றாவது தீர்ப்பு. செய்தியில் எனக்கு மறுப்பு ஏதுமில்லை. அந்தத் தீர்ப்புதான் அன்று முதல் மனதை உறுத்துகிறது.

2025 ஜனவரி 26 அன்று, அதே ராஞ்சி மைதானத்தில் பெண்களுக்கான முதல் ஹாக்கி இந்தியா லீக் போட்டியின் இறுதி ஆட்டம் நடந்து முடிந்தது. எனவே, 2024இல் அங்கே என்ன நடந்தது, அதன் பின் என்ன மாறியது என்பதை நிதானமாகப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

ஏழு நாட்கள், எட்டு அணிகள்

பாரிஸ் ஒலிம்பிக்கிற்கான மகளிர் ஹாக்கி தகுதிச் சுற்று 2024 ஜனவரி 13 முதல் 19 வரை ராஞ்சியில் நடைபெற்றது. இந்தியா, ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா, நியூசிலாந்து, இத்தாலி, சிலி, செக் குடியரசு என எட்டு அணிகள். முதல் மூன்று இடங்களைப் பிடிப்பவர்களுக்கு மட்டுமே பாரிஸ் பயணம்.

இந்திய ஆண்கள் அணிக்கு இந்தச் சோதனை இல்லை. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று அவர்கள் நேரடியாகத் தகுதி பெற்றுவிட்டார்கள். பெண்கள் அணி அங்கே அரையிறுதியில் சீனாவிடம் 0-4 என வீழ்ந்து வெண்கலத்தோடு திரும்பியதால், ராஞ்சியைக் கடந்தாக வேண்டிய நிலை.

முதல் ஆட்டத்திலேயே அமெரிக்காவிடம் 0-1 எனத் தோல்வி. பிறகு நியூசிலாந்தை 3-1 எனவும், இத்தாலியை 5-1 எனவும் வென்று அரையிறுதிக்கு வந்தார்கள். அங்கே ஜெர்மனிக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் இஷிகா சவுத்ரி அடித்த கோலால் 2-2 எனச் சமநிலை. ஷூட் அவுட்டில் 3-4 என வாய்ப்பு நழுவியது. கடைசி வாய்ப்பாக அமைந்த மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில், ஆறாவது நிமிடத்திலேயே ஜப்பான் பெனால்டி கார்னரில் ஒரு கோல் போட்டது. மீதமிருந்த நேரம் முழுவதும் முயன்றும் இந்தியாவால் அதைத் திருப்ப முடியவில்லை. டோக்கியோவில் நான்காம் இடம் பிடித்த அணிக்குப் பாரிஸின் கதவு அடைபட்டது.

ஆட்டக் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. கிடைத்த பெனால்டி கார்னர்களைக் கோலாக்கத் தெரியாத அணி பெரிய போட்டிகளில் தாக்குப்பிடிக்காது. டோக்கியோவில் ஹாட்ரிக் அடித்த வந்தனா கட்டாரியா காயத்தால் ராஞ்சியில் ஆடவில்லை என்பது ஒரு காரணமாகலாம், முழுக் காரணமாகாது.

பயிற்சியாளரின் கண்ணீர்

தோல்விக்கு அடுத்த மாதம்தான் விஷயம் மைதானத்துக்கு வெளியே வந்தது. தலைமைப் பயிற்சியாளர் யானெக் ஷாப்மேன், நெதர்லாந்து அணிக்காக 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். இந்திய மகளிர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரான முதல் பெண். ராஞ்சியில் இந்தியாவை முதல் ஆட்டத்தில் வீழ்த்திய அமெரிக்க அணிக்கும் முன்பு பயிற்சியளித்தவர் அவரே.

2024 பிப்ரவரியில் செய்தியாளர்களிடம் பேசும்போது அவர் கண்கலங்கினார். ஆண்கள் அணியின் பயிற்சியாளர்கள் நடத்தப்படும் விதத்துக்கும் தாம் நடத்தப்படும் விதத்துக்கும் இடையில் வேறுபாட்டைப் பார்த்ததாகவும், தமக்கு உரிய மதிப்பு தரப்படவில்லை என்றும் கூறினார். ஹாக்கி இந்தியா அமைப்பு இதை மறுத்தது. சில நாட்களில் ஷாப்மேன் பதவி விலகினார். அவரைத் தொடர்ந்து, சுமார் 13 ஆண்டுகள் பணியாற்றிய தலைமைச் செயல் அதிகாரி எலினா நார்மனும் விலகினார்.

ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது முறையல்ல. 2018 முதல் இரு அணிகளுக்கும் ஒடிசா அரசு ஆதரவளித்து வருவதையும் மறந்துவிடக் கூடாது. ஆனால் நியாயமான கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. ஒலிம்பிக் தங்கம் வென்ற ஒருவரே தம் பேச்சுக்கு மதிப்பில்லை என்று கலங்கினால், கிராமத்திலிருந்து வந்த இருபது வயதுப் பெண் தன் குறையை யாரிடம் போய்ச் சொல்வாள்?

யாருடைய பிள்ளைகள் இவர்கள்?

அந்த மைதானத்தின் பெயரிலேயே ஒரு வரலாறு உண்டு. 'மராங் கோம்கே' என்று பழங்குடி மக்கள் போற்றும் ஜெய்பால் சிங் முண்டா, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவர். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடிகளின் உரிமைக்காக வாதாடியவர். அவர் பிறந்த குந்தி மண்ணிலிருந்து வந்தவர் நிக்கி பிரதான். பக்கத்து சிம்டேகா மாவட்டத்திலிருந்து வந்தவர் சலீமா டெட்டே. ஏழைப் பழங்குடிக் குடும்பங்களின் பிள்ளைகள்.

வந்தனா கட்டாரியா ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத்தைச் சேர்ந்த தலித் குடும்பத்துப் பெண். 2021இல் டோக்கியோ அரையிறுதியில் இந்தியா தோற்ற அன்று, அவர் வீட்டு முன் சிலர் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லி ஏசினார்கள். காவல்துறையில் வழக்கும் பதிவானது. அதே தொடரில்தான், ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் என்ற பெருமையை அவர் பெற்றிருந்தார்.

அதே டோக்கியோ அணியில் நிஷா வார்சியும் இருந்தார். ஹரியானாவின் சோனிபட்டைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பம். தந்தை தையல்காரர். 2015இல் அவர் பக்கவாதத்தில் படுத்துவிட, தாய் தொழிற்சாலை வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார். நம் தெருக்களில் தையல் இயந்திரத்தின் ஓசையில் வளரும் எத்தனையோ பிள்ளைகளின் வீடும் இப்படித்தான்.

இத்தகைய வீடுகளுக்கு ஹாக்கி மட்டை பொழுதுபோக்குக் கருவியல்ல. ரயில்வேயில் ஒரு வேலை, ஒரு நல்ல வீடு, தங்கைகளின் படிப்பு எல்லாம் அதில் தொங்குகின்றன. எனவே, ஒலிம்பிக் வாய்ப்பு கைநழுவும்போது இவர்கள் இழப்பது பதக்கக் கனவை மட்டுமல்ல. அரசின் பரிசு, பதவி உயர்வு, ஊரில் தங்கள் சொல்லுக்குக் கிடைக்கும் மதிப்பு ஆகியவையும் நான்கு ஆண்டுகள் தள்ளிப்போகின்றன. விளையாட்டுக்காரரின் வாழ்வில் நான்கு ஆண்டுகள் என்பது பாதி ஆயுள்.

இரண்டு படிகள்

அடுத்த ஓராண்டில் சில நல்ல மாற்றங்கள் வந்தன. ஹரேந்திர சிங் பயிற்சியாளரானார். சலீமா டெட்டே அணித் தலைவியானார். 2024 நவம்பரில் பீகாரின் ராஜ்கிர் நகரில், பாரிஸில் வெள்ளி வென்ற சீனாவை 1-0 என வென்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையைத் தக்கவைத்தார்கள். 2025இல் பெண்களுக்கான லீக்கும் தொடங்கி, ஒடிசா வாரியர்ஸ் முதல் கோப்பையை வென்றது.

வரவேற்கத்தக்கவைதான். ஆனால் லீக்கின் 2025 கணக்கைப் பாருங்கள். ஆண்களுக்கு எட்டு அணிகள், பெண்களுக்கு நான்கு. வீரர்களை எடுக்க ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய். பெண்கள் அணிக்கு 2 கோடி. ஏலத்தில் ஆண்களில் அதிக விலை பெற்ற ஹர்மன்பிரீத் சிங்குக்கு 78 லட்சம். பெண்களில் உதிதாவுக்கு 32 லட்சம்.

"ஆண்கள் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவருகிறார்கள், அதனால் கூடுதல் கூலி" என்று சிலர் சொல்லக்கூடும். பார்த்தால் நியாயம்போலத் தோன்றும். ஆனால் காலக்கணக்கு வேறு கதை சொல்கிறது. ஒலிம்பிக்கில் ஆண்கள் ஹாக்கி 1908இல் வந்தது. பெண்கள் ஹாக்கி 1980இல்தான் வந்தது. அந்த 1980க்குப் பிறகு இந்தியப் பெண்கள் மீண்டும் ஒலிம்பிக் மண்ணை மிதிக்க 2016 வரை, 36 ஆண்டுகள் காத்திருந்தார்கள். ஆண்களின் லீக் 2013இல் தொடங்கியது. பெண்களின் லீக்குக்கு மேலும் 12 ஆண்டுகள் ஆயின. ஒரு வயலுக்கு முன்பே தண்ணீர் பாய்ச்சிவிட்டு, இன்னொன்றுக்கு நேற்று மடை திறந்துவிட்டு, இரண்டிலும் ஒரே நாளில் ஒரே விளைச்சலை எதிர்பார்ப்பது விவசாயமா?

கொடுக்கும்போது சிறிய படி, கேட்கும்போது பெரிய படி. அளவையில் மோசடி என்றால் மளிகைக் கடைத் தராசு மட்டும்தான் நம் நினைவுக்கு வருகிறது. வாய்ப்பை அளப்பதிலும், உழைப்பை மதிப்பதிலும், தோற்றவரைப் பேசுவதிலும் அதே மோசடி நடக்கிறது. வென்றால் 'தேசத்தின் மகள்கள்', தோற்றால் 'பொம்பளைப் பிள்ளைங்க ஆட்டம்' என்பதும் அளவை குறைப்புதான்.

செய்ய வேண்டியவை

லீக்கில் பெண்கள் அணிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதோடு, ஊதிய இடைவெளியைக் குறைக்கக் காலக்கெடு வைக்க வேண்டும். வீராங்கனைகளும் பயிற்சியாளர்களும் அச்சமின்றி முறையிட, நிர்வாகத்தைச் சாராத ஓர் அமைப்பு வேண்டும். மாவட்ட அளவில் செயற்கைப் புல்தரைகள் பெருக வேண்டும். மண்தரையில் பழகிய பிள்ளை சர்வதேசத் தரையில் தடுமாறுவது இயல்பு.

நமக்கும் ஒரு கடமை உண்டு. சோனிபட்டின் தையல்காரர் தன் மகளின் திறமையை நம்பினார். தோற்றுத் திரும்பும் பிள்ளையிடம் முதல் வார்த்தையாக நாம் என்ன சொல்கிறோம் என்பதில்தான் அடுத்த பிள்ளை மைதானத்துக்கு வருவாளா என்பது இருக்கிறது.

அன்று அந்தத் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "இதுக்கு முன்னாடி இவங்க ஆடின ஒரு ஆட்டத்தையாவது முழுசா பார்த்திருக்கீங்களா?" அவர் சிரித்துக்கொண்டே இல்லையென்று தலையாட்டினார். உண்மையைச் சொல்வதானால், அன்றுவரை நானும் பார்த்ததில்லை. 2024 நவம்பரில் ராஜ்கிர் இறுதி ஆட்டத்தை இருவரும் சேர்ந்து பார்த்தோம்.