எந்த மருந்து பலிக்கும்?

காய்ச்சலோடு மருத்துவரைக் காணச் செல்வோரில் பலர், "வலுவான மருந்தாகக் கொடுங்கள், டாக்டர்" என்று கேட்பதுண்டு. ஆனால், எல்லா நோய்க்கும் ஏற்ற வலுவான மருந்து என்று ஒன்று இல்லை. நோயை உண்டாக்கிய பாக்டீரியாவை எந்த மருந்து அழிக்கும் என்பதே கேள்வி. அதற்கு உறுதியான விடை தருவது ஆய்வுக்கூடச் சோதனையே.

நோயாளியின் சிறுநீர், இரத்தம் அல்லது சீழிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து வளர்க்கிறார்கள். பின்னர், அதை அகார் கூழ் நிரப்பிய தட்டில் பஞ்சுக் குச்சியால் சீராகப் பரப்புகிறார்கள். வெவ்வேறு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தோய்ந்த, 6 மில்லிமீட்டர் அகலமுள்ள காகித வட்டுகளை அதன்மேல் வைக்கிறார்கள். அந்தத் தட்டு 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 16 முதல் 18 மணி நேரம் வைக்கப்படும். மருந்து பலித்தால், வட்டைச் சுற்றிப் பாக்டீரியா வளராத தெளிவான வளையம் தோன்றும். பலிக்காவிட்டால், வட்டின் விளிம்புவரை பாக்டீரியா மண்டிக்கிடக்கும்.

பெரிய வளையம் உள்ள மருந்தே சிறந்தது என்று முடிவு செய்துவிடலாமா? கூடாது. ஒவ்வொரு மருந்தும் கூழில் பரவும் வேகம் வேறுபடும். கூழின் தடிமன் கூடினாலும் வளையம் சுருங்கிவிடும். அதனால்தான், அமெரிக்காவில் பணியாற்றிய பாவர், கெர்பி முதலிய ஆய்வாளர்கள் 1966ஆம் ஆண்டில் இச்சோதனைக்கு ஒரே சீரான முறையை வகுத்து வெளியிட்டனர். வளையத்தை அளந்து, அந்தந்த மருந்துக்குரிய அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகே முடிவு கூறப்படுகிறது.

முடிவு வர இரண்டு நாளுக்கு மேலும் ஆகலாம். அதுவரை நோயாளி துன்பப்பட வேண்டுமா என்று சிலர் கேட்பர். கேள்வி நியாயமானதே. கடுமையான தொற்றுக்கு ஆளானவருக்குத் தாமதம் உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே, மருத்துவர்கள் மாதிரியை எடுத்ததும் சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். முடிவு வந்த பின், தேவையானால் மருந்தை மாற்றுகிறார்கள். சோதனை சிகிச்சைக்குத் தடையன்று, வழிகாட்டி.

மாறாக, கண்டபடி மருந்து உண்பதே ஆபத்து. சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ். நுண்ணுயிர்க்கொல்லி அதை அழிக்காது. ஆனால், உடலிலுள்ள பாக்டீரியாக்களில் மருந்தைத் தாங்கக்கூடியவை பிழைத்துப் பெருகிவிடும். நாளை உண்மையான தேவை வரும்போது அதே மருந்து பலிக்காமல் போகலாம். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்றபோதே இதைப் பற்றி எச்சரித்தார்.

மருத்துவர் சோதனை வேண்டும் என்றால் பொறுத்திருக்க வேண்டும். மருந்து வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது. பதறாத காரியம் சிதறாது.