பழைய சுவர் இடுக்கில் இருக்கும் நஞ்சு

டி.டி.ரி. என்ற பெயர் எங்கள் வீடுகளுக்குப் புதிதல்ல. மலேரியாக் காலத்தில் வீட்டுக்குள் வந்து சுவருக்கு மருந்து அடித்துவிட்டுப் போனவர்களைப் பற்றி அம்மம்மாமார் இன்றும் கதைப்பார்கள். அது பூச்சியைக் கொல்லும் என்று 1939இல் கண்டறிந்தவர் இந்த நாட்டுக்காரர்தான்: பாசலில் கைகி கொம்பனியில் வேலை செய்த பவுல் முல்லர். 1948இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இலங்கை முழுவதிலும் 1963இல் 17 பேருக்குத்தான் மலேரியா கண்டதாகக் கணக்கு. அந்த நன்மையை மறைக்க முடியாது. ஆனால் அடித்த மருந்து அழியவில்லை. மண்ணில் கிடந்து, மீனில் ஏறி, மனிதரின் கொழுப்பிலும் தாய்ப்பாலிலும் போய்ச் சேர்ந்தது. 1970களின் தொடக்கத்தில் சுவிஸ் அதைத் தடை செய்தது.

அதைப்போலவே குளோரின் சேர்ந்த, அதைப்போலவே அழியாத இன்னொரு பொருள் இருக்கிறது. அது எங்கள் ஆட்களின் கைக்கு நேராகவே வருவதால்தான் இம்முறை இதை எழுதுகிறோம். டொச்சிலும் பிரெஞ்சிலும் அதைப் 'பே-சே-பே' என்பார்கள். லேசில் எரியாது, மின்சாரம் கடத்தாது, பழுதாகாது. அதனால் ட்ரான்ஸ்போமருக்குள் ஊற்றினார்கள், ரியூப்லைற் கொண்டென்சருக்குள் வைத்தார்கள், பெயின்ற்றில் கலந்தார்கள். 1955க்கும் 1975க்கும் இடையில் கட்டிய கட்டிடங்களில், கொங்கிறீற் பலகைகளுக்கு நடுவிலும் யன்னலைச் சுற்றியும் இறப்பர் மாதிரி அடைத்திருப்பார்களே, அதிலும் பல இடங்களில் இது இருக்கிறது.

பெயின்ற், அடைப்பு போன்றவற்றுக்கு 1972இலும், முழுவதுமாக 1986இலும் தடை வந்தது. இப்படியான நஞ்சுகளை உலகமே ஒழிக்கவேண்டும் என்ற ஸ்டொக்கோம் ஒப்பந்தத்தை 2003இல் சுவிஸ் உறுதிப்படுத்தியது. ஆனால் தடை விற்பனைக்குத்தான். சுவரில் அடைத்தது சுவரிலேயே கிடந்தது. இப்போது அந்தக் கட்டிடங்களைத் திருத்துகிறார்கள். யார் போய்ச் சுரண்டுகிறார்கள்?

எங்களில் ஒருவர் வந்த புதிதில் நாட்கூலிக்கு யன்னல் கழற்றப் போனார். இரண்டு நாள் கத்தியாலும் மெஷினாலும் அந்த இறப்பரைச் சுரண்டினார். முகமூடி இல்லை. மூன்றாம் நாள் யாரோ வந்து பார்த்து வேலையை நிற்பாட்டினார்கள். பிறகு வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் வந்தார்கள். இவருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. டொச்சு தெரியாததால் இவரும் கேட்கவில்லை.

கேட்கலாம். சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது. அஸ்பெஸ்ரஸ், பே-சே-பே போன்றவை இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால், முதலாளி முன்கூட்டியே ஆராய்ந்து பாதுகாப்புச் செய்யவேண்டும். வேலை நடக்கும்போது எதிர்பாராமல் கண்டால் வேலையை நிறுத்தவேண்டும். 'ஷாட்ஸ்ரொஃப்' என்ற ஒரு சொல்லைப் பாடமாக்கி வையுங்கள். கேடுவிளைவிக்கும் பொருள் என்று அர்த்தம். 'பே-சே-பே புற்றுநோய் தரும்' என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013இல் வகைப்படுத்தியிருக்கிறது. இன்றைக்குச் சுரண்டினால் நாளைக்கே வருத்தம் வராது. அதனால்தான் எங்கள் ஆட்கள் "ஒன்றும் செய்யாது" என்று சொல்லிவிடுகிறார்கள்.

சனிக்கிழமைகளில் தூண்டிலோடு போகிறவர்களுக்கும் ஒரு சொல். பிறிபூர்க்குக்குப் பக்கத்தில், சானே ஆற்றங்கரையில் லா பீலா என்ற பழைய குப்பைமேடு இருக்கிறது. 1973 வரை பாவித்தது. அதிலிருந்து இந்த நஞ்சு ஆற்றில் கசிந்து, 2007இல் அங்கே மீன்பிடியைத் தடுக்கவேண்டி வந்தது. தேசியப் பூங்காவில் ஓடும் ஸ்பூல் ஆற்றையும் அது விடவில்லை. 2016இல் அணைக்கட்டைத் திருத்தியபோது பழைய பெயின்ற்றின் தூசு அதற்குள் போனது. மீன்பிடி அனுமதி எடுக்கும்போதே எந்த இடம் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ரியூப்லைற் பெட்டியைப் பல்கனியில் வைத்து உடைத்துச் செம்பு எடுக்கவேண்டாம். மின்சாமான் விற்கும் கடையிலேயே திருப்பி எடுப்பார்கள், காசில்லை. பழைய கட்டிடத்தில் வேலை செய்துவிட்டு வந்தால் சாப்பிட முன் கையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அந்த உடுப்பை வாஷ்கூஷெயில் பிள்ளைகளின் உடுப்போடு சேர்த்துப் போடாதீர்கள்.