முடிச்சிட்ட மூலக்கூறும் அம்மாவின் கேள்வியும்

பொட்டிபுரத்துக்காரன் என்றதும் நண்பர்கள் என்னிடம் நியூட்ரினோவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எங்கள் மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் அமைக்க 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்ததும், எதிர்ப்பு எழுந்ததும் நாடறிந்த கதை. நான் சொல்ல வந்தது வேறொரு நுண்பொருளைப் பற்றி.

நூலில் ஒரு மணியைக் கோத்து, இரு முனையிலும் முடிச்சுப் போடுங்கள். மணி நூலோடு ஒட்டவில்லை. ஆயினும் கழன்று விழாது. அவ்வாறே மூலக்கூறு வளையத்தை மூலக்கூறு நூலில் கோத்தால் அது ரோட்டாக்சேன். இரு வளையங்கள் சங்கிலிக் கண்ணிகளாய்ப் பிணைந்தால் கேட்டினேன். இத்தகைய மூலக்கூறு இயந்திரங்களுக்காகவே சோவாஜ், ஸ்டோடார்ட், ஃபெரிங்கா மூவரும் 2016-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர்.

கோப்பது யார்? கையும் இல்லை, ஊசியும் இல்லை! தமக்குள் உள்ள ஈர்ப்பால் அவை தாமே கோத்துக்கொள்கின்றன. நூலின் முனையில் கந்தக அணு இருந்தால் அது தங்க நுண்துகளைப் பற்றிக்கொள்ளும், அத்துகளே முடிச்சாகிவிடும்.

ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க விடியுமுன் ஜீப்பேறும் என் அம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். "அதெல்லாம் சரிய்யா, மருந்தடிச்ச தோட்டத்து ஓடைத் தண்ணியக் குடிக்கலாமான்னு உன் படிப்புச் சொல்லுமா?" என்றார்.

ஓரளவு சொல்லும்! தங்க நுண்துகள் கரைசல் எண்டோசல்ஃபானைப் பற்றிக்கொண்டு நிறம் மாறுவதைச் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பிரதீப் குழுவினர் 2003-இல் வெளியிட்டனர். அம்மருந்துக்கு 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஆனால் மருந்தடிப்பு நின்றுவிடவில்லையே!

தங்கக் குளோரைடுக் கரைசலைக் கொதிக்கவைத்துச் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்தால் செந்நிறக் கரைசல் கிடைக்கும். இதற்குப் பெருங்கருவி எதற்கு? உப்புப் பகுப்பாய்வோடு நம் ஆய்வகம் நின்றுவிட வேண்டுமா? ஆண்டுக்கு ஒருமுறையேனும் மலையோடைத் தண்ணீர் நம் மேசைக்கு வரவேண்டும் என்பதே என் கருத்து. நிறம் மாறாததனாலேயே தண்ணீர் தூயதாகிவிடாது. அதையும் பேராசிரியப் பெருமக்கள் துணையோடு கற்று, ஊராரிடம் நம் தமிழில் எடுத்துச் சொல்வோம்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பட்டம் பெற்றதும் ஊரைவிட்டுக் கழன்றோடுவது எளிது. தோழர்களே, முனையில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொள்வோம்!