உழக்கு நெய்க்கு யார் பொறுப்பு?

கார்பன் கணக்கு காட்டும் டாஷ்போர்டுகளில் பெரும்பாலானவை எதையும் அளப்பதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. அவற்றை எழுதித்தான் நான் பிழைக்கிறேன். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதி வீட்டு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, எங்கெங்கோ இருக்கும் நிறுவனங்கள் எத்தனை டன் கரியமில வாயு வெளியிட்டன என்று வண்ண வட்டங்களாகக் காட்டும் மென்பொருளுக்குச் சில வருடங்களாக நிரல் எழுதுகிறேன்.

உள்ளே போவது என்ன தெரியுமா? கரண்ட் பில், டீசல் பில், விமான டிக்கெட், கொள்முதல் பட்டியல். ஒவ்வொன்றையும் ஒரு காரணியால் பெருக்குகிறோம். வெளியே வருவது இரண்டு தசமத்துக்குத் துல்லியமான ஒரு எண். பக்கத்தில் கீழ்நோக்கிய பச்சை அம்புக்குறி. நடுவில் செயற்கை நுண்ணறிவு, பகுப்பாய்வு இயந்திரம் என்று விற்பனைப் பிரிவு என்ன பெயர் வைத்தாலும் சரி, நடப்பது பெருக்கல் வாய்ப்பாடு.

பெருக்கினால் என்ன தப்பு? மின்சாரத்தைப் பொறுத்தவரை பெரிய தப்பில்லை. மீட்டர் என்று ஒன்று இருக்கிறது, அது யூனிட்டைக் காட்டுகிறது. ஒரு யூனிட்டுக்கு இத்தனை கிலோ கரியமில வாயு என்று மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் ஒரு காரணி வெளியிடுகிறது. சமீப ஆண்டுகளில் அது 0.7 கிலோவை ஒட்டி நிற்கிறது. அதுவும் சராசரிதான். 2013 கடைசியில் தென்னக மின்தொகுப்பு மற்றதோடு இணைந்த பிறகு நாடு முழுவதும் ஒரே தொகுப்பு, ஆகவே ஒரே எண். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். முப்பந்தல் காற்றாலைகள் வெறிகொண்டு சுழலும் அந்த மாதத்திலும் இந்த எண் அசையாது. நடுப்பகல் வெயிலில் சூரிய மின்சாரம் கொட்டும்போது ஓட்டிய மெஷினுக்கும், இரவு எட்டு மணிக்கு நிலக்கரியில் ஓட்டிய மெஷினுக்கும் டாஷ்போர்டு ஒரே மதிப்பெண் போடும். வேலையைப் பகலுக்கு மாற்றினால் உண்மையிலேயே பலன் உண்டு. திரையில் மட்டும் அது தெரியாது. போகட்டும், அடியில் ஒரு மீட்டராவது இருக்கிறது. அந்த அளவுக்கு எனக்கு மரியாதை உண்டு.

மீட்டரே இல்லாத இடத்துக்கு வருவோம்.

உலகம் முழுக்க இந்தக் கணக்குக்கு அடிப்படை 'பசுங்குடில் வாயு நெறிமுறை' என்ற ஆவணம். உலக வள நிறுவனமும் ஒரு வணிகக் கூட்டமைப்பும் சேர்ந்து 2001-இல் அதன் முதல் பதிப்பை வெளியிட்டன. அது உமிழ்வை மூன்றாகப் பிரிக்கிறது. நீங்களே எரிப்பது ஸ்கோப் 1. நீங்கள் வாங்கும் மின்சாரத்துக்காக வேறெங்கோ எரிவது ஸ்கோப் 2. மிச்ச உலகம் முழுவதும் ஸ்கோப் 3: வாங்கும் பொருள், லாரி, ஊழியர் போக்குவரத்து, விற்ற பொருளைப் பயன்படுத்தும்போது வரும் புகை என்று 15 வகை. பல நிறுவனங்களுக்கு மொத்தத்தில் பெரும்பங்கு இந்த மூன்றாவதில்தான். அதை அளக்க ஆளில்லை, கருவியில்லை. ஆகவே ஒரு குறுக்கு வழி: செலவழித்த பணத்தைக் காரணியால் பெருக்கு. எஃகு சாமான் இத்தனை லட்சத்துக்கு வாங்கினாயா, அப்படியானால் இத்தனை டன்.

இதன் விளைவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். துவாக்குடியில் ஒரு பட்டறைக்காரரிடம் பெரிய கம்பெனி பேரம் பேசி விலையை ஐந்து சதவீதம் குறைக்கிறது. அதே இரும்பு, அதே வெல்டிங், அதே லாரி. கம்பெனியின் டாஷ்போர்டில் அந்த வரியில் உமிழ்வு ஐந்து சதவீதம் குறைந்துவிடும். சப்ளையரின் வயிற்றில் அடித்ததற்குப் பச்சை அம்புக்குறி! காரணிகள் டாலரில் இருந்து, விலைவாசிக்குத் திருத்தமும் செய்யாமல் விட்டால் இன்னும் அழகு. ரூபாய் மதிப்பு விழுந்தால் நம் கார்பனும் விழும். ரிசர்வ் வங்கிக்கே தெரியாமல் பருவநிலையைக் காப்பாற்றுகிறார்கள்.

துவாக்குடியை உதாரணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. திருவெறும்பூர் பெல் ஆலையை நம்பி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. ஆர்டர் குறைந்த பிறகு பல மூடிக் கிடக்கின்றன. மிச்சமிருப்பவர்கள் வெளி கம்பெனிகளுக்கு வேலை செய்கிறார்கள். அப்படி ஒருவர், எனக்குத் தூரத்துப் பழக்கம், போன வருடம் கூப்பிட்டார். வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஒரு எக்செல் வந்திருக்கிறது, ஒரு வாரத்தில் நிரப்பி அனுப்ப வேண்டும்.

"தம்பி, சி.ஓ.டூ எவ்வளவுன்னு கேட்டிருக்கான். நம்ம சி.ஓ.டூ வெல்டிங் சிலிண்டர் கணக்கைப் போட்டுரவா?"

"அதுவும் உண்டுண்ணே. ஆனா அது ரொம்பக் கொஞ்சம். அவங்க கேக்கறது கரண்ட்டு, டீசல், இரும்பு எல்லாத்துக்கும் சேர்த்து."

"சரி, இது என்ன, பசங்க வேலைக்கு வர்ற தூரம்? பாதிப் பேரு டவுன் பஸ்ல வர்றான், ஒருத்தன் மச்சான் பைக்ல தொத்திக்கிட்டு வர்றான். என்ன போட?"

உத்தேசமாகப் போடச் சொன்னேன். அந்தப் படிவத்தில் வேறு எதுவும் சாத்தியமில்லை. அவர் போட்ட உத்தேசம் அந்தக் கம்பெனியின் டாஷ்போர்டுக்குப் போகும், அங்கிருந்து ஆண்டறிக்கைக்கு, அங்கிருந்து முதலீட்டாளரின் தரப்பட்டியலுக்கு. எந்தப் படியிலும் 'இது மச்சான் பைக்' என்ற குறிப்பு கூடப் போகாது. மேலே போகப் போக எண்ணுக்கு மினுமினுப்புதான் கூடும்.

இதை மறைப்பது அறிவியலின் போதாமை என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். மறைப்பதென்று யாரோ முடிவெடுக்கிறார்கள். நான் வேலை செய்த ஒரு நிறுவனத்தில், மீட்டரிலிருந்து வந்த எண்ணை முழு நிறத்திலும் உத்தேச எண்ணைக் கோடுபோட்ட நிறத்திலும் காட்டலாம் என்று சொன்னேன். இரண்டு நாள் வேலை. மாதிரித் திரையைப் பார்த்த மேலாளர் சிரித்தார். முக்கால்வாசி வட்டம் கோடுபோட்டுக் கிடந்தது. "இதைப் பார்த்தா கஸ்டமர் வாங்குவானா பாஸ்?" அவர் கெட்டவர் அல்ல. அவருக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னார்: வாங்குபவருக்குத் தேவை அளவு அல்ல, அளந்ததற்கான அத்தாட்சி.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. 2022-23 நிதியாண்டிலிருந்து, சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் பி.ஆர்.எஸ்.ஆர். என்ற நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியது. நல்ல காரியம்தான், அதற்கு முன் இதுகூட இல்லை. ஆனால் அதில் ஸ்கோப் 1, 2 கட்டாயம்; ஸ்கோப் 3 விருப்பமிருந்தால். திருச்சிக்காரனுக்கு இதன் அபத்தம் சட்டென்று புரியும். எங்கள் ஊர் கொதிகலன் செய்கிற ஊர். 660 மெகாவாட் அனல்மின் அலகு ஒன்று வழக்கமான சுமையில் ஓடினால் ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்குக் குறையாமல் கரியமில வாயு விடும் என்பதை யாரும் மனக்கணக்காகவே போடலாம். அதுவும் இருபத்தைந்து, முப்பது வருடம். கொதிகலன் செய்கிற எந்த ஆலையானாலும் சட்டம் கட்டாயமாகக் கேட்பது வெல்டிங் கூடத்தின் கரண்ட் பில்லையும் கேன்டீன் கேஸையும்தான். கொதிகலன் செய்தது பாவம் என்று நான் சொல்லவில்லை. அந்த மின்சாரத்தில்தான் நான் படித்தேன். கூரையில் சோலார் பலகை வைத்ததை மட்டும் வட்டம் போட்டுக் காட்டாதீர்கள் என்கிறேன்.

ஸ்கோப் 2-இல் இன்னொரு வித்தை உண்டு. ஒரே மின்சாரத்துக்கு இரண்டு விதமாகக் கணக்கெழுதலாம். இடம் சார்ந்த கணக்கில், உங்கள் ஊர் மின்தொகுப்பில் என்ன எரிகிறதோ அது உங்கள் தலையில். சந்தை சார்ந்த கணக்கில், எங்கோ ஒரு காற்றாலை உற்பத்தி செய்த மின்சாரத்துக்கான சான்றிதழை வாங்கிவிட்டால் உங்கள் கணக்கு பூஜ்யம். கம்பியில் வருவது அதே நிலக்கரி மின்சாரம்தான். 2017 முதல் ஆண்டு மின்பயன்பாட்டுக்கு நூறு சதவீதம் ஈடாகப் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் வாங்குவதாகச் சொல்லிவந்த கூகுள், தன் மொத்த உமிழ்வு 2019-ஐவிட 48 சதவீதம் கூடியிருப்பதாக 2024 அறிக்கையில் சொன்னது. அவர்களாவது சொன்னார்கள்.

நம் ஊருக்கு இந்த வகைக் கணக்கு புதிதல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்த செய்தி எத்தனையோ வரும். ஒரு விளக்கு எரிய 96 ஆடு, அதற்கு ஈடாக நாள்தோறும் உழக்கு நெய், சந்திர சூரியர் உள்ளவரை. அந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். செத்த ஆட்டுக்குக் குட்டி ஈடாகும், ஆகவே கணக்கில் ஆடு சாகாது, மூப்படையாது. கார்பன் சான்றிதழும் இதே போன்ற சாகா ஆடுதான். வித்தியாசம் வேறொரு இடத்தில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஆட்டைப் பெற்றுக்கொண்ட இடையரின் பெயரைச் சொல்கிறது. அளக்க வேண்டிய அளவைக்கே ஆடவல்லான் என்று பெயர் இருந்தது. நெய் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது, எந்த உழக்கால் அளப்பது இரண்டும் கல்லில் இருந்தன. விளக்கு எரிகிறதா என்று பார்க்க யாருக்கும் கடவுச்சொல் தேவைப்படவில்லை. நம் டாஷ்போர்டில் ஆடு உண்டு, இடையர் இல்லை. உழக்கு எது என்று கேட்டால் 'வழிமுறைப் பின்னிணைப்பைப் பார்க்கவும்'.

டாஷ்போர்டே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. காவிரிக்கரைக்காரர்களிடம் பல தலைமுறையாக ஒரு டாஷ்போர்டு இருக்கிறது: பேப்பரில் தினமும் வரும் மேட்டூர் அணை நீர்மட்டம். ஒரே எண், உச்சம் 120 அடி. காபி ஆறுவதற்குள் படித்துவிடலாம். அதை அளக்க அணையில் அளவுகோல் இருக்கிறது, யார் போய்ப் பார்த்தாலும் அதே எண். அந்த எண்ணை வைத்து ஜூன் 12 அன்று தண்ணீர் திறக்கலாமா என்று ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். திறக்காவிட்டால் குறுவை போட்டவன் வந்து கேட்பான். அளவு, பொறுப்பு, கேள்வி மூன்றும் ஒரே இடத்தில். (எண் மட்டும் போதாது என்பதற்கும் இங்கேயே சாட்சி உண்டு. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முக்கொம்பில் மதகுகள் உடைந்ததும் தெரிந்த தண்ணீரில்தான்.)

கார்பன் டாஷ்போர்டை யார் பார்க்கிறார்கள்? நிலைத்தன்மை அதிகாரி, நிதிப்பிரிவு, தணிக்கையாளர், முதலீட்டாளர். கம்ப்ரஸர் அறையில் நிற்கும் ஆள் பார்ப்பதில்லை, அவருக்கு லாகின் கிடையாது. அழுத்தக் காற்றில் இருபது முப்பது சதவீதம் கசிவிலேயே போவது தொழிற்சாலைகளில் சர்வசாதாரணம். அந்தத் துவாக்குடி அண்ணனின் பட்டறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். மெஷின்கள் நின்றிருந்தன, கம்ப்ரஸர் மட்டும் தானாக ஓடி ஓடி நின்றது. காற்றை யாரும் பயன்படுத்தாதபோது அது ஏன் ஓட வேண்டும்? கொட்டகை முழுக்க ஸ்ஸ் என்று சத்தம். அண்ணனும் நானும் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக நான்கு இடத்தில் கண்டுபிடித்தோம். ஹோஸ் கிளிப்பும் டெஃப்லான் டேப்பும் போட்டதில் ஆன செலவு நாங்கள் குடித்த டீயைவிடக் கொஞ்சம் அதிகம். மின்கட்டணத்தில் வித்தியாசம் தெரிந்தது. வாடிக்கையாளரின் டாஷ்போர்டில் தெரியவில்லை. அங்கே அவர் இன்னும் ரூபாய் பெருக்கல் காரணி.

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது என்னைப் போல ஐ.டி.யிலோ அதன் அக்கம்பக்கத்திலோ இருப்பீர்கள். உங்கள் கம்பெனி பட்டியலிட்டதாக இருந்தால் அதன் பி.ஆர்.எஸ்.ஆர். அறிக்கை பொதுவெளியிலேயே கிடைக்கும். ஆறாவது கொள்கை என்ற தலைப்புக்குப் போங்கள். ஸ்கோப் 2 எண்ணைப் பார்த்துவிட்டு, இது இடம் சார்ந்ததா சந்தை சார்ந்ததா என்று தேடுங்கள். பிறகு ஸ்கோப் 3. இருந்தால், அதில் எத்தனை பங்கு மீட்டரிலிருந்து வந்தது, எத்தனை பங்கு பணத்தைப் பெருக்கி வந்தது என்று நிலைத்தன்மைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மரியாதையாகவே கேட்கலாம். கூடவே, போன வருடம் இந்த டாஷ்போர்டைப் பார்த்து அணைத்த மெஷின் எது, அணைத்தவர் யார் என்றும்.